தடை தாண்டலும் தடம் மறைத்தலும்: லினக்ஸ் கணினியில் வி.பி.என்னும் டோரும்

2018 மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டம் எரிந்தது. பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் தொடக்கத்தில் வைத்தியசாலையில் இறந்துபோனார். அதைச் சாட்டாக வைத்துத் திகனவில் மூண்ட வன்முறை பலகொல்ல, மெனிக்ஹின்ன, அக்குறணை, அம்பதென்ன, கட்டுகஸ்தோட்டை என்று பரவியது. முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் அழிக்கப்பட்டன. 6ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நாடு முழுவதற்கும் அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்தினார். மறுநாள் முகநூல், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டாகிராம் ஆகியவை முடக்கப்பட்டன. ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார்கள். முகநூல் திரும்பியது 15ஆம் திகதி.

அந்த ஒரு வாரத்தில், அதுவரை கணினித்துறை ஆட்கள் மட்டுமே பேசிக்கொண்டிருந்த வி.பி.என். என்ற மூன்றெழுத்து வீடுவீடாக நுழைந்தது. ஊரடங்கு நேரத்தில் உறவினரின் நிலை அறியத் துடித்தவர்கள் அதைத் தரவிறக்கினார்கள். வெறுப்பைப் பரப்பியவர்களும் அதையே தரவிறக்கினார்கள். தடைக் காலத்து முகநூல் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வாளர் யுதஞ்சய விஜேரத்ன, ஏராளமானோர் தடையைச் சுற்றிப்போய்த் தொடர்ந்து எழுதியதை எடுத்துக்காட்டினார். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி சமூக ஊடகங்கள் மறுபடி முடக்கப்பட்ட அன்று, அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே தானும் வி.பி.என். ஊடாகத்தான் எழுதுவதாகவும் இப்படிப்பட்ட தடைகள் பயனற்றவை என்றும் டுவிட்டரில் பதிவிட்டார். 

இந்த வரலாற்றில் ஒரு குழப்பம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. தடையைத் தாண்டினோம், ஆகவே நம்மை யாரும் பார்க்க முடியாது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டோம். இவை இரண்டும் வேறு வேறு வேலைகள். முதல் வேலைக்கு வி.பி.என். போதும். இரண்டாவதற்கு உருவாக்கப்பட்டது டோர் என்ற அநாமதேய வலையமைப்பு. லினக்ஸ் கணினி வைத்திருப்பவருக்கு இரண்டும் இலவசமாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கண்டிக்கு லினக்ஸும் புதிதல்ல. பெடோரா என்ற லினக்ஸ் விநியோகத்திலிருந்து இலங்கையில் உருவான ஒரு விநியோகம் ஹந்தான மலையின் பெயரைத்தான் தாங்கியிருந்தது. இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் தளமும் பேராதனைதான். வி.பி.என்.னையும் டோரையும் ஒரே கணினியில், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம்.

வி.பி.என். லினக்ஸில் இயங்கும் விதம் நேரடியானது. கணினியில் ஒரு புதிய வலையமைப்பு இடைமுகம் உருவாகிறது. வழிப்படுத்தல் அட்டவணையில், வெளியே போகும் எல்லாமே இந்த இடைமுகத்தின் வழியாகப் போகட்டும் என்று ஒரு வரி மாறுகிறது. அவ்வளவுதான். 2018இல் பெரும்பாலும் ஓப்பன்விபிஎன் மென்பொருளால் இதைச் செய்தார்கள். 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6 கர்னலில் வயர்காட் என்ற வி.பி.என். முறை உள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டதால் இப்போது இன்னும் இலகு. உலாவி, மின்னஞ்சல், மென்பொருள் இற்றைப்படுத்தல், வட்ஸ்அப் அழைப்பு என ஏறத்தாழ முழுக் கணினியும் அந்தச் சுரங்கத்துக்குள் போய்விடும். சிம் அட்டையை அடையாள அட்டை இலக்கத்தோடு நமக்குத் தந்த தொலைபேசி நிறுவனத்துக்கு, சிங்கப்பூரிலோ லண்டனிலோ உள்ள ஒரே முகவரிக்குப் போகும் மறைகுறியிட்ட ஓட்டம் மட்டுமே தெரியும். முகநூலின் பெயர் அதன் கண்ணில் படாததால் தடையும் வேலை செய்யாது. இதில் ஒரு செலவும் உண்டு. உள்ளே போவது வட்ஸ்அப்பா முகநூலா என்று நிறுவனத்துக்குத் தெரியாதபோது, சமூக ஊடகத்துக்கென்று மலிவாக வாங்கிய டேட்டா பொதியிலிருந்து அது கழியாது. பொதுப் பொதியைத்தான் தின்னும். டோருக்கும் இது பொருந்தும்.

ஆனால் நிறுவனத்தின் கண்ணிலிருந்து மறைத்ததை எல்லாம் நாம் இன்னொருவர் கண்முன் கொண்டுபோய் வைக்கிறோம். வி.பி.என். வழங்குநருக்கு நம் முகவரியும் தெரியும், நாம் போகும் இடமும் தெரியும். பதிவுகள் எதையும் வைப்பதில்லை என்ற வாக்குறுதியை அவர் காப்பாற்றுகிறாரா என்று சரிபார்க்க நமக்கு வழியில்லை. ஹைட்மைஆஸ் என்ற பிரித்தானிய வி.பி.என். 2011இல் தன் பயனர் ஒருவரின் இணைப்பு விபரங்களை நீதிமன்ற உத்தரவின் பேரில் கையளித்தது. அவர் அமெரிக்கப் புலனாய்வாளர்களிடம் அகப்பட்டார். பதிவு வைப்பதில்லை என்று விளம்பரம் செய்த ஹொங்கொங் இலவச வி.பி.என்.களின் பயனர் பதிவுகள் 2020 ஜூலையில் ஒரு திறந்த சேவையகத்தில் கிடந்து வெளிவந்தன. ஒனாவோ புரொடெக்ட் இன்னும் தெளிவான உதாரணம். இலவச வி.பி.என். போல வழங்கப்பட்ட அந்தச் செயலியின் உரிமையாளர் முகநூல் நிறுவனமேதான். பயனர்கள் எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பதை அது முகநூலுக்குச் சேகரித்துக் கொடுத்தது. 2018 ஓகஸ்டில்தான் ஆப்பிள் கடையிலிருந்து அது அகற்றப்பட்டது.

டொலரில் பணம் செலுத்தும் கடன் அட்டை எல்லோர் கையிலும் இல்லாத நாட்டில், அவசரத்தில் எல்லோரும் ஓடியது இலவசச் செயலிகளை நோக்கித்தான். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். திகனவில் இருக்கும் சகோதரி உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ளத் தவிக்கிற ஒருவர் நிபந்தனைகளை வாசித்துக்கொண்டிருக்க முடியாது. அவருக்கு வேண்டியது தடை தாண்டல். அது கிடைத்தது. கணினி கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்றும் உண்டு. லண்டனிலோ டொரொன்டோவிலோ உள்ள உறவினர் வீட்டில் ஒரு சின்ன ராஸ்பெரி பை கணினியை வைத்து அதில் வயர்காட் நிறுவிவிட்டால், நம் தரவு முகம் தெரியாத கம்பனிக்குப் பதிலாக நம் மாமாவின் வீட்டு வழியாகப் போகும். தடை தாண்ட இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது. ஆனால் தடம் மறைக்க இது உதவாது. தேடி வருபவர் நேரே மாமாவின் கதவைத் தட்டுவார்.

டோரின் தர்க்கம் இதற்கு நேர்மாறு. நம்பத் தகுந்த ஒருவரைத் தேடுவதை விட்டுவிட்டு, யாரையும் முழுதாக நம்பத் தேவையில்லாத ஓர் ஏற்பாட்டை அது செய்கிறது. 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் போல் சிவர்சன் உள்ளிட்ட மூவர் இந்தக் கருத்தை உருவாக்கினார்கள். ரொஜர் டிங்கிள்டைனும் நிக் மத்யூசனும் சிவர்சனோடு சேர்ந்து 2002இல் டோரை இயக்கிக் காட்டினார்கள். 2006இல் அது இலாப நோக்கற்ற அமைப்பானது. ஒரு கடிதத்தை மூன்று உறைகளுக்குள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு அனுப்புவது போன்றது அதன் வேலை. முதல் கணு, அதாவது வழியிலுள்ள முதல் கணினி, வெளி உறையைப் பிரிக்கும். கடிதம் யாரிடமிருந்து வந்தது என்று அதற்குத் தெரியும், எங்கே போகிறது என்று தெரியாது. நடுக் கணுவுக்கு இரண்டும் தெரியாது. கடைசிக் கணுவுக்குப் போகுமிடம் தெரியும், அனுப்பியவர் தெரியாது. உலகெங்கும் தன்னார்வலர்கள் நடத்தும் ஆயிரக்கணக்கான கணுக்களிலிருந்து இந்த மூன்றும் தெரிவாகின்றன. முதல் கணு நீண்ட காலம் மாறாது. மற்ற இரண்டும், புதிய இணைப்புகளுக்கு, ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும்.

இதற்கு வேகத்தில் விலை கொடுக்க வேண்டும். டோரின் கொள்ளளவில் பெரும்பகுதி ஜெர்மனி, நெதர்லாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் இருப்பதால், குண்டசாலையிலிருந்து கொழும்பில் உள்ள ஒரு செய்தித்தளத்தைத் திறந்தாலும் தரவு பெரும்பாலும் ஐரோப்பாவைச் சுற்றிவிட்டுத்தான் வரும். பல தளங்கள் மனிதரா இயந்திரமா என்று திரும்பத் திரும்பக் கேட்கும். வங்கித் தளங்கள் சில கதவையே திறக்காது.

லினக்ஸ்காரர் ஒருவருக்கு இரண்டுக்கும் இடையிலான ஆழமான வேறுபாடு வேகத்தில் இல்லை. வி.பி.என். இயல்பாகவே முழுக் கணினியையும் விழுங்கிக்கொள்கிறது. டோர் இயல்பாகவே ஒரு நிரலை மட்டும் ஏற்றுக்கொள்கிறது. டோரை நிறுவினால் அது 9050 என்ற எண்ணுள்ள துறையில் சொக்ஸ் வாசல் ஒன்றைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். அங்கே போய்த் தட்டும் நிரல் மட்டும் உள்ளே போகும். மற்ற எல்லாம் வழக்கம்போல நம் சொந்த முகவரியோடு வெளியே போய்க்கொண்டிருக்கும். டோர் உலாவி தனக்கென்று 9150ஆம் துறையை வைத்துக்கொள்கிறது. மற்ற நிரல்களுக்கு டோர்சொக்ஸ் என்ற கருவி உண்டு. ஒரு நிரல் வலையமைப்பை அழைக்கும்போது நடுவில் புகுந்து அந்த அழைப்பை டோருக்குத் திருப்பிவிடும். ஆனால் கோ மொழியில் எழுதப்பட்டவை போல, கர்னலோடு நேரடியாகப் பேசும் நிரல்களை அதனால் பிடிக்க முடியாது. அவை சத்தமில்லாமல் தப்பி வெளியே போகும். பயனருக்கோ எல்லாம் டோருக்குள் இருப்பதாகவே தோன்றும்.

இங்கேதான் எல்லோருக்கும் ஓர் ஆசை வருகிறது. வி.பி.என். செய்வது போல, முழுக் கணினியையும் டோருக்குள் தள்ளிவிட்டால் என்ன? லினக்ஸில் முடியும். ஐபிடேபிள்ஸ் அல்லது என்எஃப்டேபிள்ஸ் என்ற தீச்சுவர்க் கருவி கொண்டு, டோர் இயங்கும் பயனர் கணக்கை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லா டிசிபி இணைப்புகளையும் 9040 போன்ற ஒரு துறைக்குத் திருப்பலாம். பெயர் தேடல்களை டோரின் டிஎன்எஸ் துறைக்கு அனுப்பலாம். மிச்சத்தைத் தடுத்துவிடலாம். சில வரிகள்தான்.

அந்த மிச்சம் என்பதில் நிறைய இருக்கிறது. டோர் டிசிபியை மட்டுமே சுமக்கும். யூடிபி, பிங் எதுவும் போகாது. வைபர் குரல் அழைப்பும் காணொளி வகுப்பும் தடுமாறும் அல்லது நின்றுவிடும். கணினிக் கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபியும் யூடிபியில்தான் ஓடுகிறது. கடிகாரம் பெரிதாகப் பிசகினால் டோரே இணைக்காது, ஏனெனில் கணுக்களின் பட்டியல் சில மணி நேரத்துக்குத்தான் செல்லுபடியாகும். மின்கலம் செத்துப்போன பழைய மடிக்கணினி ஒவ்வொரு முறையும் பழைய திகதியோடு விழித்தெழுந்தால், டோர் ஏன் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஐபிவி6க்குத் தனி விதி எழுத மறந்தால் அந்த வழியாக எல்லாம் கசியும்.

கசிவுகளை அடைத்துவிடலாம். அடைத்த பிறகும் நிற்கும் குறை வேறு. அக்குறணையில் ஒருவர் தன் கணினி முழுவதையும் டோருக்குள் திருப்பிவிட்டு, சாதாரண பயர்பொக்ஸில் ஒரு நிருபருக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே நேரத்தில் பின்னணியில் தண்டர்பேர்ட் அவருடைய சொந்தப் பெயரிலுள்ள மின்னஞ்சலைத் திறக்கிறது. மேகக் கோப்புறை ஒத்திசைகிறது. இவை ஒரே சுற்றுப்பாதையில், ஒரே கடைசிக் கணு வழியாக வெளியே வரலாம். பெயர் உள்ளதும் பெயர் இல்லாததும் கைகோத்துக்கொண்டு வெளியேறினால் பெயர் இல்லாததற்கும் பெயர் கிடைத்துவிடும். பிட்டொரென்ட் பாவனையாளர்கள் டோருக்குள் இப்படி அடையாளம் காணப்படுவதை, அதோடு அவர்களுடைய மற்ற இணைப்புகளும் அம்பலமாவதை, பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில் செய்தே காட்டினார்கள்.

பயர்பொக்ஸ் தானாகவும் காட்டிக்கொடுக்கும். நிறுவியுள்ள எழுத்துருக்கள், திரையின் அளவு, நேர வலயம், விருப்ப மொழி ஆகியவற்றை இணையத்தளம் விசாரிக்கலாம். தமிழ் மொழி, கொழும்பு நேரம், பாமினி எழுத்துரு என்ற மூன்றும் சேர்ந்து வந்தால், ஐபி முகவரி ஜெர்மனியைக் காட்டினாலும் ஆள் எங்கே இருப்பவர் என்று ஊகிக்க நேரம் எடுக்காது. டோர் உலாவி இதற்காகவே பாடுபட்டுச் செதுக்கப்பட்டது. தன்னோடு வரும் எழுத்துருக்களையே காட்டும், நேரத்தை உலகப் பொது நேரமாகச் சொல்லும், சாளர அளவை வட்டப்படுத்தும். அதைப் பாவிக்கும் எல்லோரும் இயன்றவரை ஒரே முகத்தோடு தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். முழுக் கணினியையும் திருப்பிய திருப்தியில் இந்த உலாவியைக் கைவிடுபவர் பெரியதை இழந்து சிறியதைப் பெறுகிறார் என்பது என் உறுதியான கருத்து.

முழுக் கணினியும் டோருக்குள் இருக்க வேண்டுமென்றால், அதற்கென்றே பிறந்த கணினிச் சூழலை எடுக்க வேண்டும். டெயில்ஸ் அப்படிப்பட்டது. 2009இல் தொடங்கிய இந்த லினக்ஸ் இப்போது டோர் அமைப்போடு இணைந்துவிட்டது. 8 ஜிபி பென் டிரைவில் அடங்கும், கணினியின் வன்தட்டைத் தொடாது, அணைத்தால் நினைவகத்தில் எதையும் விட்டுவைக்காது. டோர் வழியே தவிர வேறு வழியில் இயல்பாக எதையும் வெளியே விடாது. கடிகாரத்தைத் தன் வழியில் சரிசெய்துகொள்ளும். நம் பழைய மின்னஞ்சலோ கோப்புறையோ அதில் இல்லை, ஆகவே பின்னணியில் பெயர் சொல்ல யாரும் இல்லை. ஹூனிக்ஸ் இன்னொரு வழி. ஒரு மெய்நிகர் கணினி டோரை மட்டும் இயக்கும், இன்னொன்று அதன் ஊடாக மட்டுமே வெளியே பார்க்கும். இதற்கு நல்ல நினைவகமுள்ள கணினி வேண்டும்.

டோருக்கும் பலவீனமான முனைகள் உண்டு. கடைசிக் கணு, மறைகுறியிடாத தரவை அப்படியே வாசிக்கலாம். 2007இல் டான் எகர்ஸ்டாட் என்ற சுவீடன்காரர் சில கடைசிக் கணுக்களை நடத்தி, பல நாடுகளின் தூதரகங்களுடைய மின்னஞ்சல் கடவுச்சொற்களைப் பிடித்து வெளியிட்டார். இந்தியத் தூதரகங்களும் அவற்றில் இருந்தன. டோர் முகவரியைத்தான் மறைக்கும், உள்ளடக்கத்தை மறைப்பது எச்டிடிபிஎஸ்ஸின் வேலை.

முதல் முனையில் உள்ள பலவீனம் கண்டிக்கு இன்னும் நெருக்கமானது. நாம் டோர் பாவிக்கிறோம் என்பது நம் இணைய நிறுவனத்துக்குத் தெரியும். 2013 டிசம்பரில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் பரீட்சையைத் தவிர்க்க டோர் வழியாகக் குண்டு மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பினார். டோரை யாரும் உடைக்கவில்லை. அந்த நேரத்தில் பல்கலைக்கழக வைஃபையிலிருந்து டோரோடு இணைந்தவர்கள் யார் என்று பார்த்தார்கள். பட்டியலில் இருந்தவரை விசாரித்தபோது ஒப்புக்கொண்டார். அவர் செய்தது குற்றம். ஆனால் அதே வழிமுறை, நியாயமான காரணத்துக்காக மறைந்திருக்க வேண்டியவர் மீதும் பாயும். ஒரு சிற்றூரில் டோர் பாவிப்பவர் ஒருவரே என்றால், அந்த ஒருவர்தான் அவர். வி.பி.என். இந்த இடத்தில் மட்டும் முந்துகிறது. ஊரே அதைப் பாவிக்கும்போது கூட்டத்தில் கலந்துவிடலாம். டோர் இதற்குப் பாலங்களை வைத்திருக்கிறது. பட்டியலில் வெளியிடப்படாத இந்த நுழைவுக் கணுக்கள், ஓபிஎஸ்4 முறையில் தம் போக்குவரத்தை அடையாளம் தெரியாதபடி குலைத்தோ, ஸ்னோஃபிளேக் முறையில் காணொளி அழைப்பு போலக் காட்டியோ உள்ளே விடுகின்றன. தடை வந்த பிறகு இவற்றைத் தேடுவது கடினம். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிந்திய தடையின்போது டனல்பெயர் வி.பி.என்.னும் சேர்த்து முடக்கப்பட்டதை நெட்பிளொக்ஸ் கண்காணிப்பாளர்கள் பதிவுசெய்தார்கள். தடுப்பவர்களும் கற்றுக்கொண்டுதான் வருகிறார்கள்.

யாருக்கு எது என்று கேட்டால், மறுபடி 2018 மார்ச்சுக்குத்தான் போக வேண்டும். கலவரத்தில் பொலிஸாரும் அரசியல்வாதிகளும் பங்கெடுத்ததாக முஸ்லிம்கள் சுமத்திய குற்றச்சாட்டுகளை, சிசிடிவி காட்சிகளின் துணையோடு, அந்த மாத இறுதியில் ரொய்ட்டர்ஸ் வெளியிட்டது. அப்படியொரு காட்சி தன் கடைக் கமராவில் பதிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்தக் கடைக்காரர் யாரைப் பார்த்துப் பயப்படுவார்? காட்சியில் இருப்பவரைத்தானே. அவருக்கு வி.பி.என். போதாது. வழங்குநர் ஒருவரின் வாக்குறுதியில் தன் குடும்பத்தின் பாதுகாப்பை அவர் தொங்கவிட முடியாது. டெயில்ஸில் டோர் உலாவி, கோப்பிலுள்ள கமரா விபரங்களைத் துடைக்கும் கருவி, ஊடக நிறுவனங்கள் டோருக்குள் நடத்தும் செக்யூர்டிரொப் பெட்டி என்ற வரிசைதான் அவருக்கானது. வீட்டு வைஃபையை அவர் தவிர்ப்பதும் நல்லது.

கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரச அலுவலர் ரம்ஸி ராசிக்குக்கு இரண்டும் உதவியிருக்காது. முஸ்லிம்கள் மீதான வெறுப்பைப் பேனாவாலும் விசைப்பலகையாலும் கருத்தியல் ரீதியாக எதிர்கொள்ள வேண்டும் என்று முகநூலில் எழுதியதற்காக அவர் 2020 ஏப்ரல் 9ஆம் திகதி கைதானார். ஐந்து மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்த பிறகே பிணை கிடைத்தது. அவர் சொந்தப் பெயரில், சொந்தக் கணக்கில், வெளிப்படையாக எழுதியவர். எழுதியதற்காகச் சிறை என்ற நிலையை எந்த வலையமைப்பும் மாற்றித் தராது. அவருக்குத் தேவைப்பட்டது சட்டத்தரணிகளும் துணிவுள்ள நீதிமன்றமும்.

இரண்டு வழிகளுக்கும் பொதுவான எல்லை ஒன்றும் உண்டு. 2018இல் கண்டி மாவட்டத்தில் சமூக ஊடகங்களோடு நிற்காமல் இணையச் சேவையையே மட்டுப்படுத்தினார்கள். கம்பி அறுந்த இடத்தில் வயர்காட்டும் ஓடாது, டோரும் ஓடாது. வானொலியும் தரைவழித் தொலைபேசியும் பக்கத்து வீட்டுக்காரரும்தான் மிச்சம்.

2024 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், இணையத்தளமொன்றை மக்கள் அணுகாதபடி தடுக்குமாறு சேவை வழங்குநர்களுக்கு உத்தரவிடும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவுக்குக் கொடுத்திருக்கிறது. முன்பு அவசரகாலத்தில் வந்த தடை இனிச் சாதாரண நாளிலும் வரலாம். டோர் அமைப்பின் தளமே முடங்கினாலும், அதன் கெட்டோர் சேவைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் உலாவியைத் தரவிறக்கும் மாற்று இணைப்புகள் பதிலாக வரும். டெபியன் பாவிப்பவர்கள் 2016இலிருந்து டோருக்குள்ளேயே இயங்கும் டெபியன் களஞ்சியத்திலிருந்து பொதிகளை எடுக்கலாம். டெயில்ஸ் பென் டிரைவ் ஒன்றை இன்றே செய்து, அதன் கையொப்பத்தைச் சரிபார்த்து, ஒரு பாலத்தின் முகவரியையும் எழுதி வைத்துக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். பேராதனையிலும் கண்டி நகரத்திலும் கணினி கற்பிக்கும் எவரும் அந்த மாலைப்பொழுதைத் தங்கள் மாணவர்களுக்காக ஒதுக்கலாம்.